ஸ்ட்ராஸ்பூர்க் 1349: உங்கள் கட்டுரையில் எது தவறு?

"கொள்ளைநோயில் மக்கள் செத்து விழுந்ததால் வெறிகொண்ட கும்பல் ஸ்ட்ராஸ்பூர்க் யூதர்களைக் கொன்றது" என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் செய்தது சரிதான். இன்று பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுகொலை நடந்தது 1349 பிப்ரவரி 14 அன்று. அப்போது 'கறுப்புச் சாவு' எனப்படும் அந்தக் கொள்ளைநோய் அந்த ஊருக்கு வந்தே சேரவில்லை.

முதலில் வந்தது வதந்தி. 1348-இல் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவோய் பகுதியில் யூதர்களைச் சித்திரவதை செய்து, கிணறுகளில் விஷம் கலந்து நோயைப் பரப்பியதாக வாக்குமூலம் வாங்கினார்கள். அதன் நகல் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கும் வந்தது. யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், அவர்கள் இல்லாத நாடுகளிலும் அது பரவுகிறது என்று போப் ஆறாம் கிளெமென்ட் அந்த ஆண்டே ஆணையில் மறுத்திருந்தார். யார் கேட்டார்கள்?

"கும்பல்" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். பழைய நகர மன்றம் யூதர்களைக் காக்கவே முயன்றது. கைவினைஞர் சங்கங்கள் அதைக் கவிழ்த்துப் புதிய மன்றத்தை அமர்த்தின. சில நாட்களிலேயே யூதர்களை அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுபோய் எரித்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொண்ட சிலர் தப்பினர். அதாவது, அதிகாரத்தில் இருந்தவர்களே முன்னின்று நடத்திய கொலை இது.

பிறகு யூதர்களிடம் இருந்த கடன் பத்திரங்களும் அடகுப் பொருட்களும் அவர்களிடம் கடன் வாங்கியவர்களிடமே திரும்பின, யூதர்களின் ரொக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். யூதர்களைக் கொன்ற விஷம் அந்தப் பணம்தான் என்று அவ்வூர் வரலாற்றாசிரியர் குளோசனரே எழுதிவைத்தார். சட்டப்படி யூதர்களைக் காக்கவேண்டிய ஜெர்மன் மன்னர் நான்காம் கார்ல் அதே ஆண்டில் நகரத்தை மன்னித்துவிட்டார். எனக்கு இன்றும் ஆறாத இடம் அது. உங்கள் பத்தியைக் கடனிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் தொடங்குங்கள். நோய்பயம் அதற்கு அடுத்து வரட்டும்.