இணையத்தில் விட்டு விலகாத ஒரு கூட்டத்தை உருவாக்க முடியுமா? அந்த உறவு உண்மையானதாக இருக்குமா?

முடியும். பல்லாயிரம் பேர் பின்தொடர்ந்த ஒரு பக்கத்தை நடத்தியிருக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் மட்டுமே ஒழுங்காக வந்துபோகும் ஓர் இடத்திலும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பக்கம், எங்கள் ஊரின் பழைய படங்களுக்காக ஒரு சமூக ஊடகத்தில் நடத்தியது. நாள்தோறும் படம் போடுவேன், விருப்பக்குறிகள் குவியும். அம்மா மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதங்கள் எதுவும் போடவில்லை. ஏன் காணோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள்மேல் தவறில்லை. பார்த்துவிட்டுப் போவதைத் தவிர வேறு எந்த வேலையையும் நான் அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை.

இன்னோர் இடம், தமிழ் விக்கிமூலம்: பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் உரையாக்கி, யாரும் இலவசமாகப் படிக்க வைக்கும் இணைய நூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்வருடல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுவில் விட்ட பிறகு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே ஏறின. எழுத்துணரி மென்பொருள் படத்தைப் படித்து உரையாக்கித் தரும். ஆனால் பழைய அச்சில் கால் எது, ரகரம் எது என்று அதற்குப் புரியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்றால், யானைத் துதிக்கைபோல வளைந்த ணை, லையைக் கண்டு தடுமாறும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் மனிதர் ஒருவர் மூலப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும்.

திருத்திய பக்கத்தின் நிலையைக் காட்டும் நிறக்குறி மஞ்சளாகும். அது பச்சையாக வேண்டுமானால் இரண்டாவதாக ஒருவர் சரிபார்க்க வேண்டும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. கூட்டத்தைச் சேர்த்துப் பிடிப்பது இந்த ஒரு விதிதான் என்பது என் எண்ணம். நான் தொடங்கிய வேலை முடிய, முகமறியாத இன்னொருவரின் கண் வேண்டியிருக்கிறது. அவருடைய வேலைக்கு என் கண். நான் திருத்திய முதல் பக்கத்தில் 'பால்' என்பது 'பரல்' என்றே கிடந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் ஒருவர் அதைச் சரிசெய்துவிட்டு, "இந்த அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்" என்று, பிறர் எனக்குச் செய்தி எழுதும் இடமான என் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார். அன்று இரவே இன்னும் ஆறு பக்கங்கள் பார்த்தேன்.

விக்கிமூலத்தின் உடன்பிறப்பான தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதைப் பார்க்கலாம். அது 2003இல் தொடங்கியபோது, இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன் அமீரகத்திலிருந்து ஏறத்தாழத் தனியாளாகவே எழுதிவந்தார். 2017இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அங்கே பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். கிரந்த எழுத்து வேண்டுமா, இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்று கடுமையாக வாதிடுவார்கள். பிறகு அதே ஆட்கள் ஒரே கட்டுரையைச் சேர்ந்து திருத்துவார்கள். சண்டைக்குப் பிறகும் சேர்ந்து செய்ய ஒரு வேலை மிச்சம் இருப்பது எவ்வளவு பெரிய பேறு!

நீங்கள் எந்தக் குழுவைத் தொடங்கினாலும், புதிதாக வருபவர் பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய உண்மையான ஒரு வேலையை வைத்திருங்கள். அவர் முதல்முறை செய்ததற்கு நீங்களே உங்கள் கையால் பதில் எழுதுங்கள். தவறாகச் செய்திருந்தால் ஏன் தவறு என்று சொல்லுங்கள். ஒரு சொல்லும் சொல்லாமல் அழித்துவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார். அவசரத்தில் நானே ஒரு மாணவரை அப்படி இழந்தேன், இன்றும் உறுத்துகிறது. பரிசு, போட்டி எல்லாம் கூட்டம் சேர்க்கும். முடிந்த மறுநாளும் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள்தான் உங்கள் ஆட்கள்.

உறவு உண்மையானதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்காக அலைந்த அந்த இரண்டு மாதங்களில் விக்கிமூலத்துக்கும் நான் போகவில்லை. மூன்றாவது வாரம் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி: "ஐயா, நலமா? பாதியில் நிற்கும் நூலை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கைப்பேசியில் அதைப் படித்துக் கண்கலங்கினேன். அவருடைய பயனர் பெயர் தவிர எனக்கு எதுவும் தெரியாது. "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதினேன். அம்மா வீடு திரும்பிய பிறகு உள்ளே போனபோது நூல் முழுவதும் மஞ்சளாகியிருந்தது. இப்போது அவர் திருத்திய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பச்சையாக்கிக்கொண்டிருக்கிறேன்.