Re: வேலூர் நர்சிங் கல்லூரி தொடங்கியது 1909-ஆ, 1946-ஆ?

உங்கள் மகளின் அசைன்மென்ட்டில் எந்த ஆண்டைப் போடுவது என்று குழம்பியிருக்கிறீர்கள். சார், இரண்டுமே சரிதான், இரண்டும் வேறு வேறு தொடக்கங்கள்.

1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்த, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர், 1902-இல் ஆஸ்பத்திரி கட்டிய பிறகு, கூட நின்று வேலை செய்ய ஆள் வேண்டுமென்று 1909-இல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். கவனியுங்கள், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்ததே 1918-இல்தான், நர்சிங்தான் மூத்தது (இதை யாரும் சொல்வதில்லை!). அந்த நர்சிங் பள்ளிதான் 1946-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்பு தரும் கல்லூரியானது. அதே வருடம் டெல்லியிலும் ஒரு நர்சிங் கல்லூரி தொடங்கியதால், 'இந்தியாவிலேயே முதல்' என்று அடித்து எழுத வேண்டாம், 'முதல் இரண்டில் ஒன்று' என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அப்புறம், அவள் பல்கலைக்கழகத்தின் பெயரை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருப்பது இன்றைக்குச் சரி, 1946-க்குப் பொருந்தாது. அந்தப் பல்கலைக்கழகம் வந்ததே எண்பதுகளின் கடைசியில்தான். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.