வெள்ளி ரதம் தேடினால் நன்கொடைப் பட்டியல் வருகிறது

கேள்வி: எங்கள் சங்கத்தின் பழைய தைப்பூச மலர்களைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றியிருக்கிறோம். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் தேடும் வசதியை மகன் செய்து கொடுத்தான். ‘வெள்ளி ரதம்’ என்று தேடினால், ‘ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி’ என்று நீளும் நன்கொடைப் பட்டியல்தான் மேலே வருகிறது (இங்கே பணத்தையும் வெள்ளி என்றுதானே சொல்வோம்). ரதம் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்பட்ட கட்டுரை எங்கோ கீழே கிடக்கிறது. இரண்டு சொல்லும் அருகருகே வரும் பக்கத்தை முதலில் காட்ட முடியாதா, ஐயா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: முடியும் டீச்சர். அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘வெள்ளி’ என்று மட்டும் தேடுங்கள். ‘வெள்ளை’ என்ற சொல் உள்ள பக்கங்களும் சேர்ந்து வருகின்றனவா? வந்தால் கோளாறு வரிசையில் மட்டும் இல்லை, சொல்லைப் பிரிக்கும் இடத்திலும் இருக்கிறது.

மகன் பயன்படுத்தியது எஸ்கியூலைட்டின் உரைத்தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 ஆகத்தான் இருக்கும். அதில் இயல்பாக அமைந்திருக்கும் யூனிகோட்61 என்ற பிரிப்பான் (உரையைச் சொற்களாகப் பிரிப்பது) எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லின் பகுதியாக மதிக்கும். நம் புள்ளியும் கொம்பும் காலும் அதற்கு இடைவெளி மாதிரி. ‘வெள்ளி’ உள்ளே போகும்போது வ, ள, ள என்று மூன்று துண்டாகிவிடும். ‘வெள்ளை’யும் அதே மூன்று துண்டுதான். அட்டவணை உருவாக்கும் கட்டளையில், பிரிப்பானின் ‘கேட்டகரீஸ்’ என்ற அமைப்பில், ஏற்கெனவே உள்ளவற்றோடு எம்என், எம்சி என்ற இரண்டு வகைகளையும் (புள்ளி, கொம்பு, கால் போன்ற குறிகள் இவற்றில்தான் அடங்கும்) சேர்க்கச் சொல்லுங்கள். பழைய அட்டவணையில் இதை மாற்ற முடியாது. புதிதாக உருவாக்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும்.

இப்போது வரிசைக்கு வருவோம். எஃப்டிஎஸ்5 தரும் பிஎம்25 மதிப்பெண், ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, மொத்தத் தொகுப்பில் எவ்வளவு அரிது, பக்கம் எவ்வளவு நீளம் என்று பார்க்கும். இரண்டு சொற்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்கவே பார்க்காது. அதற்குத்தான் நியர் (NEAR) என்ற தேடல் கட்டளை இருக்கிறது. நியர் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு, அடைப்புக்குறிக்குள் வெள்ளி ரதம், 5 என்று கொடுத்தால், இரண்டுக்கும் நடுவே ஐந்து சொல்லுக்கு மேல் போகாத பக்கங்கள் மட்டும் வரும். எண் கொடுக்காவிட்டால் பத்து என்று எடுத்துக்கொள்ளும்.

ஆனால் நியர் வடிகட்டும், அவ்வளவுதான். தூரத்துக்கு ஏற்ப மதிப்பெண் போடாது. அதனால் படிப்படியாகத் தேடச் சொல்லுங்கள்: இரண்டும் ஒட்டி வருபவை முதலில், பிறகு ஐந்து சொல்லுக்குள் வருபவை, கடைசியில் மற்றவை பிஎம்25 வரிசையில். பிஎம்25 எண் குறையக் குறையப் பொருத்தம் அதிகம்; உங்கள் மகன் தலைகீழாக அடுக்கியிருக்கப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ரதத்தில்’, ‘ரதத்தின்’ என்பவையும் கிடைக்க ‘ரத’ என்று எழுதி நட்சத்திரக்குறி போடலாம். ரதியும் கூடவே வருவாள், அது பரவாயில்லை. ‘ரதம் அலங்காரத்துக்கு நூறு வெள்ளி’ என்ற வரியும் நியரில் மாட்டும், ஏனென்றால் எது முன், எது பின் என்று அது பார்ப்பதில்லை. ஒட்டி வருபவற்றை நியரில் தேடாமல் மேற்கோள் குறிக்குள் முழுத் தொடராகக் கொடுத்தால் இந்தத் தொல்லை அங்கே இருக்காது.

தூரத்துக்கே மதிப்பெண் வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளில் டிஎஸ்_ரேங்க்_சிடி என்ற மதிப்பெண் வசதி இருக்கிறது. கிளார்க், கோர்மக், டட்ஹோப் மூவரும் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் முறை அது: தேடிய சொற்கள் எல்லாம் அடங்கும் துண்டு எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு மதிப்பெண். ஒரு சங்கத்தின் மலர்களுக்கு அதற்காகத் தனி சர்வர் வைப்பது வீண் வேலை என்பேன்.