மலத்தில் வரும் ரத்தம் நச்சு அல்ல

கேள்வி: எனக்கு வயது 51. எட்டு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரையும் மூன்று ஆண்டுகளாக ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறேன். உடலில் தேங்கிய நச்சு வெளியேறும், புற்றுநோய் அண்டாது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால், நான்கு மாதமாக சிட்ரஸ் பெக்டின் பவுடரைத் தண்ணீரில் கலக்கி மூன்று வேளை குடிக்கிறேன். முதல் வேளையைக் காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே குடித்துவிடுவேன். இப்போது நாக்கில் வெள்ளைப் படிவு, ஏப்பம், வயிற்று உப்புசம், முடி கொட்டுதல், தோல் வறட்சி, சோர்வு, மலச்சிக்கல் எல்லாம் இருக்கின்றன. மூன்று முறை மலத்தோடு ரத்தம் வந்தது. நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், நிறுத்தக் கூடாது என்கிறார் பவுடர் கொடுத்தவர். போன மாதம் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) கூடியிருக்கிறது என்று தைராய்டு மாத்திரையை 75 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆக்கினார்கள். என் அக்கா பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு நோய் தெரிந்தபோது வயது 46. பவுடரின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். இன்றோடு நிறுத்திவிடுங்கள். பவுடரைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மலத்தோடு மூன்று முறை ரத்தம் வந்திருக்கிறது. அக்காவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய். இந்த இரண்டையும் கடிதத்தில் தள்ளித் தள்ளி எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பயமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் மருத்துவர் அவற்றைச் சேர்த்துத்தான் படிப்பார். இந்த வாரமே இரைப்பை, குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும்.

நச்சு வெளியேறும்போது ரத்தம் வரும் என்று சொன்னவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவர் நல்லெண்ணத்தோடே சொல்லியிருக்கலாம், ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் உங்களை இத்தனை நாள் பரிசோதனைக்குப் போகவிடாமல் வைத்திருக்கிறது. உடலுக்கு வேண்டாததைக் கல்லீரல் நீரில் கரையக்கூடிய பொருளாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி பித்தநீரோடு குடலுக்குப் போகிறது, மீதி சிறுநீரகத்துக்கு வருகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. இந்த வேலை நீங்கள் தூங்கும்போதும் நடக்கிறது. இதில் எந்தக் கட்டத்திலும் ரத்தம் சிந்துவதில்லை. மலத்தில் ரத்தம் வந்தால், ஆசனவாயிலோ குடலிலோ ஓர் இடத்தில் ரத்தக்குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அது மூலமாக இருக்கலாம், வெடிப்பு, அழற்சி, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, கட்டி என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். எது என்பதை உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உங்களுக்கு இருப்பது மூலமாகவோ வெடிப்பாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மலச்சிக்கலோடு முக்கும்போது ரத்தம் கசிவது மிகச் சாதாரணம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, எண்ணிக்கையில் அவைதான் அதிகம். ஆனால் மூலம் இருப்பதாலேயே கட்டி இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். ‘எனக்கு மூலம்தான்’ என்று தானே தீர்மானித்துக்கொண்டு களிம்பு தடவியபடி மாதங்களைக் கடத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது, முதல் முறை ரத்தம் வந்த அன்றே இவர் வந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் மனம் கேட்கிறது.

அக்காவின் நோய்க்கு உங்கள் உடல்நலக் கணக்கில் பெரிய இடம் உண்டு. உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ 60 வயதுக்கு முன் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், அடுத்தவர் 40 வயதில் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். அல்லது நோய் வந்தவரின் வயதிலிருந்து பத்து ஆண்டுகளைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. அக்காவுக்கு 46 என்றால் உங்களுக்கு 36. ஒரு சொட்டு ரத்தம்கூட வராமல் இருந்திருந்தாலும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்றால் அது மருத்துவர்களான எங்கள் தரப்பின் தவறு. அக்காவுக்குச் சிகிச்சை நடந்தபோதே தங்கையைப் பற்றி யாராவது கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் உண்மையில் கேட்க விரும்பியது பவுடரின் அளவை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதா என்பதுதான் உங்கள் கேள்வி. அதைப் பரிசோதனை செய்யாமல் என்னாலும் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் இந்த நோயில் ஓர் அனுகூலம் உண்டு. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப்பில்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும், பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். கொலோனோஸ்கோபி செய்யும்போதே பாலிப்பை வெட்டி எடுத்துவிடலாம். அதாவது அந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், வரவிருந்த நோயை வராமலும் தடுக்கிறது. புற்றாகவே இருந்தாலும், குடல் சுவரைத் தாண்டாத முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தோடேயே போய் வாருங்கள்.

பரிசோதனை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரைத் தடுப்பது அதைப் பற்றிய கற்பனைதான். முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளதிலேயே கஷ்டமான பகுதி அதுதான். மறுநாள் மயக்க மருந்து கொடுப்பார்கள். அரை மணி நேரம், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். பெரும்பாலானோர் விழித்ததும் ‘முடிந்துவிட்டதா?’ என்றுதான் கேட்பார்கள். குடலில் துளை விழும் ஆபத்து இருக்கிறது, ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. நார்ச்சத்துப் பவுடரை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், குடல் சுவரைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமே. இன்றே நிறுத்தச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் சோதனை ஒன்று உண்டு. ‘அதைச் செய்தால் போதாதா?’ என்று கேட்பீர்கள். போதாது. கண்ணாலேயே ரத்தத்தைப் பார்த்துவிட்ட பிறகு அது வேலைக்கு ஆகாது.

இனி உங்கள் சோர்வு. தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதற்கு வெறும் வயிறும் வெறும் தண்ணீரும் தேவை. பெக்டின் என்பது பசை போன்ற ஒரு நார்ச்சத்து. மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்கினால் மருந்தில் ஒரு பகுதி அந்தப் பசையில் சிக்கிக்கொண்டு மலத்தோடு போய்விடலாம். சோர்வு, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி கொட்டுதல் என்று நீங்கள் எழுதிய நான்கும் தைராய்டு ஹார்மோன் குறைவுக்கான பாடப்புத்தக அறிகுறிகள். தைராய்டு ஹார்மோன் குறையும்போது டி.எஸ்.ஹெச். கூடும் என்பதால், அது கூடியதும் இதனோடு பொருந்துகிறது. ஆனால் மலச்சிக்கலைத் தைராய்டின் கணக்கில் எழுதிவிட்டுக் கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தத்துக்குத் தைராய்டு காரணம் ஆகாது. சோர்வுக்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம் என்பதால் ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்டிய மருத்துவரிடம் பவுடரைப் பற்றிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அவர் பழைய மாத்திரை போதவில்லை என்று நினைத்திருப்பார். பவுடரை நிறுத்திய பிறகு 100 மைக்ரோகிராமும் முழுதாக உறிஞ்சப்பட்டால் அது உங்களுக்கு அதிகமாகிவிடக்கூடும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் காத்திருக்காமல் அவரைப் பாருங்கள். எதுவும் வராவிட்டாலும் பவுடர் விஷயத்தை இப்போதே அவரிடம் சொல்லுங்கள், ஆறு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். மறுபடி பார்க்க வேண்டும். நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இந்த வகைப் பவுடர்களில் தயாரிப்பு முறை காரணமாகப் பொட்டாசியமும் சோடியமும் இருக்கலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கக்கூடியவை. எனவே சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நாக்குப் படிவு, ஏப்பம், உப்புசம்: மறந்துவிடுங்கள். திடீரென்று இவ்வளவு நார்ச்சத்து உள்ளே போனால் குடல் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். பவுடர் நின்றால் அதுவும் நிற்கும். நாக்கை வைத்து உடலின் நச்சை அளக்க முடியாது.

பவுடருக்கு வருகிறேன். எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களின் தோலிலும் சக்கையிலும் இருந்து பெக்டினை எடுத்து, குடல் உறிஞ்சும் அளவுக்குச் சிறு துண்டுகளாக உடைத்து இதைத் தயாரிக்கிறார்கள். புற்றுநோய் பற்றிய பேச்சின் வேர்களில் ஒன்று 1995-ல் வெளிவந்த எலி ஆய்வு. புராஸ்டேட் புற்று உள்ள எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. ஆனால் புற்று தொடங்கிய இடத்தில் இருந்த கட்டி வழக்கம்போல் வளர்ந்தது. ஆரோக்கியமான மனிதருக்குப் புற்று வராமல் இது காக்கும் என்று அதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. நச்சு நீக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2006-ல் வெளியான ஆய்வு. அதில் கலந்துகொண்டவர்கள் 8 பேர், சில நாள்கள்தான் நடந்தது. சிறுநீரில் ஈயம் போன்ற உலோகங்கள் கூடுதலாக வெளியேறின என்கிறது. அதனால் அவர்களுடைய உடல்நலம் தேறியதா என்பதை அது காட்டவில்லை. உண்மையான ஈய நஞ்சு ஏறியவரை ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துத்தான் கண்டறிகிறோம். அது எங்கிருந்து வருகிறது என்று தேடி அகற்றுகிறோம், தேவைப்பட்டால் அதற்கான மருந்தை மருத்துவமனையில் கொடுக்கிறோம். உங்களுக்கு அப்படி ஏதும் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு தடயமும் இல்லை.

இதை விட்டுவிட்டு வேறொரு சிட்ரஸ் காப்ஸ்யூலுக்குத் தாவிவிடாதீர்கள். கிரேப்ஃப்ரூட் சேர்ந்தவை, சில ரத்த அழுத்த மாத்திரைகளும் கொழுப்பு மாத்திரைகளும் குடலில் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அவற்றின் அளவை ஆபத்தாக ஏற்றிவிடும். எடை குறைக்க என்று விற்கப்படும் கசப்பு ஆரஞ்சுச் சாறில் உள்ள சினெஃப்ரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியது. பழம் என்ற சொல் லேபிளில் இருப்பதாலேயே அது மருந்தைப் போல உடலில் வேலை செய்யாது என்று நினைக்க வேண்டாம்.

ரத்தம் அதிகமாகக் கொட்டினாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, தலைசுற்றி விழப்போனாலோ, கடும் வயிற்று வலியோடு மலமும் காற்றும் அடைத்துக்கொண்டாலோ மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி இந்த வாரம் போகும்போது பவுடர் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் எந்தெந்தத் தேதியில், என்ன நிறத்தில் வந்தது, மலத்தோடு கலந்திருந்ததா, சொட்டாக விழுந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவின் பழைய பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கை வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். பரம்பரையாக வரும் வகையா என்று முடிவு செய்ய அது மிகவும் உதவும்.

அக்காவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர்களுக்கும் கணக்கு 36 வயதுதான், பரம்பரை வகை என்று தெரிந்தால் இன்னும் முன்பே. இதைச் சித்தி நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.