நர்சிங் டீச்சர் பதில்கள்: ரெஸ்பிரேஷன் ஏன் எப்போதும் 20?

என் மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தியரியில் நல்ல மார்க். ஆனால் வார்டு போஸ்டிங் என்றால் கை நடுங்குகிறதாம், வீட்டுக்கு வந்து அழுகிறாள். வேறு படிப்புக்கு மாற்றிவிடட்டுமா?
- ஒரு தாய், மன்னார்குடி

மாற்றாதீர்கள் அம்மா. இரண்டாம் ஆண்டில் கை நடுங்காத பெண்ணைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்.

பாட்ரீசியா பென்னர் என்று அமெரிக்காவில் ஒரு நர்சிங் பேராசிரியை. புதிதாக வேலைக்கு வந்த நர்சுகளையும் பல வருடம் பழகியவர்களையும் வார்டில் நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நர்ஸ் ஒருத்தி ஐந்து படி ஏறித்தான் தேர்கிறாள் என்று 1984இல் எழுதினார். படிக்கணக்கு அவருடையதல்ல, டிரைஃபஸ் சகோதரர்கள் என்ற இரண்டு பேராசிரியர்கள் செஸ் ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் பார்த்துச் சொன்னதை இவர் வார்டுக்குக் கொண்டுவந்தார். முதல் படியில் விதி மட்டும்தான் துணை. பிபி 90க்குக் கீழே போனால் சொல்ல வேண்டும் என்று உங்கள் மகளுக்குத் தெரியும். 110 இருக்கும்போதே ‘இந்த ஆள் சரியில்லையே’ என்று அவளுக்கு இப்போது தோன்றாது.

எங்கள் அப்பா திருவையாற்றுப் பக்கம் விவசாயி. கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றும் முன் ஒரு நெல்லைப் பல்லில் கடிப்பார். “இன்னும் ஒரு வெயில் காயணும்” என்பார். அவசரப்பட்டு ஏற்றினால் அங்கே ஈரப்பத மீட்டர் 17 சதவீத வரம்பைத் தாண்டித்தான் காட்டும். எப்படிப்பா தெரிந்தது என்று கேட்டால், “கடிக்கிற சத்தத்துல தெரியும்.” அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. பழைய சிஸ்டர்களும் அப்படித்தான். சொல்லித்தரவில்லை என்றால் கர்வம் என்று நினைக்க வேண்டாம். “ஏன் சிஸ்டர் இப்ப டாக்டரைக் கூப்பிட்டீங்க?” என்று உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கால் சில்லுனு இருந்துச்சு, நேத்து பேர் சொல்லிக் கூப்பிட்டவர் இன்னைக்கு முழிக்கிறார்” என்பார். அதை அன்றே நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

லேபில் பொம்மையை வைத்தே ஊசி, சிபிஆர் எல்லாம் நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்துவிட்டது. இது ஏமாற்று வேலையா?
- நர்சிங் மாணவர், திருவாரூர்

பொம்மை மேல் பழி போடாதீர்கள் தம்பி. அமெரிக்காவில் 10 நர்சிங் கல்லூரிகளில் 600க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஆஸ்பத்திரி நேரத்தில் பாதியைப் பொம்மைப் பயிற்சிக்கு மாற்றியும் மாணவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் அங்கே பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் உட்காரவைத்து, என்ன பார்த்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று பேசினார். முப்பது பேர் வரிசையில் நின்று ஆளுக்கொரு குத்து குத்திவிட்டு பஸ் பிடிக்க ஓடுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. (நாங்கள் சாத்துக்குடியில் குத்திப் பழகியவர்கள். டியூட்டர் போனதும் பழத்தைத் தின்றும் விடுவோம்.)

எங்கள் வார்டுக்கு வரும் மாணவிகள் எல்லா சார்ட்டிலும் ரெஸ்பிரேஷன் (நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு) 20 என்றே எழுதுகிறார்கள். ஒருத்தியும் எண்ணுவதில்லை. சோம்பேறித்தனம்தானே?
- ஸ்டாஃப் நர்ஸ், கும்பகோணம்

சிஸ்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பழைய சார்ட்டுகளையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். நானும் 20 எழுதியவள்தான்.

மூன்றாம் ஆண்டு, பெண்கள் வார்டு, விடியற்காலை. முப்பது கட்டிலுக்கு வைட்டல்ஸ் (காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி) எடுத்து முடித்திருந்தேன். ரவுண்டு வந்த சீனியர் சிஸ்டர் ஒரு பாட்டியின் கால்மாட்டில் நின்றார். தொடவில்லை. போர்வை ஏறி இறங்குவதையே பார்த்தார். “எண்ணினியா?” “எண்ணினேன் சிஸ்டர்.” தன் வாட்சைக் கழற்றி என் கையில் வைத்தார். முழு நிமிஷம் எண்ணினேன். 34. அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை சரி. நோயாளி மோசமாகும்போது பிபி இறங்கும் முன்பே மூச்சு ஏறிவிடுவது உண்டு. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர், பிபிக்கு மிஷின், மூச்சுக்கு மட்டும் ஒரு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். முப்பது கட்டில் இருக்கும்போது யார் நிற்பார்கள்? கிறிஸ்டின் டேனர் என்ற இன்னொரு நர்சிங் பேராசிரியை 2006இல் எழுதியதில், ஒரு நர்சின் முடிவு கவனிப்பதில் தொடங்குகிறது; அந்தக் கவனிப்போ அவள் எதை எதிர்பார்த்து வருகிறாள் என்பதைப் பொறுத்தது. வார்டு முழுக்க 20 என்று பார்த்து வளர்கிறவள் 20ஐத்தான் எதிர்பார்ப்பாள்.

ஒன்று செய்யுங்கள். நாளைக்கு ஒரு மாணவிக்கு மூன்று கட்டில் மட்டும் கொடுங்கள். முதல் கட்டிலில் நீங்களும் கூட நின்று எண்ணுங்கள். நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டை விடாமல், இன்னும் நாடி பார்ப்பதுபோலவே மூச்சை எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார்.