துணி நாய்க்குட்டியும் உங்கள் பிள்ளையும்: கேள்வி பதில்

பால்வாடியில் பிள்ளைகளோடு பல வருடம் இருந்தவள் என்பதால், வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: அக்கா, என் பொண்ணுக்கு மூணு வயசு. பஞ்சு நாய்க்குட்டிய வுடவே மாட்டேங்குது. காத சப்பிச் சப்பி நூலே பிரிஞ்சிடுச்சி. கெட்ட பழக்கம், தூக்கிப் போடுன்றாங்க மாமியார்.

தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. அம்மா வேறு, நான் வேறு என்று பிள்ளைக்குப் புரியத் தொடங்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1950களிலேயே இதை விளக்கி எழுதினார். 1958இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ, கம்பியால் ஒன்றும் துணியால் ஒன்றுமாக இரண்டு அம்மா பொம்மைகளை வைத்துக் குரங்குக் குட்டிகளிடம் சோதித்தார். பால் தரும் கம்பி அம்மாவிடம் குடித்துவிட்டு, பாலே இல்லாத துணி அம்மாவைத்தான் குட்டிகள் நாளின் பெரும்பகுதி கட்டிக்கொண்டிருந்தன. மெத்தென்ற தொடுகை அவ்வளவு பெரிய விஷயம். மாமியாரிடம் சொல்லுங்க, இது அடம் இல்லை. உங்களை விட்டு நாலடி தள்ளி நிற்கப் பழகுகிறாள். பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள்.

பிரிந்த காதை இன்றைக்கே தைத்துவிடுங்க, நூலும் பஞ்சும் வாய்க்குள் போகக் கூடாது. துவைக்கும்போது அவளுக்குத் தெரியாமல் எடுக்காதீங்க. "நாய்க்குட்டிக்குக் குளிக்க ஊத்தலாமா?" என்று அவளையே சோப்புப் போட விடுங்க. நம்ம ஊர் வெயிலில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

சத்துவாச்சாரி: எட்டு மாசக் குழந்தை. தூளியில கூட வெச்சித் தூங்க வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தூங்கும் இடத்தில் பஞ்சு பொம்மை இருக்கக் கூடாது, மூக்கை மூடினால் தள்ளிவிட முடியாமல் போகலாம். முழித்திருக்கும்போது நீங்க பக்கத்தில் இருந்து விளையாடக் கொடுங்க. பொத்தான் கண்ணைவிட நூலால் தைத்த கண் நல்லது. 2021 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்க.

காட்பாடி: பையனுக்கு ரெண்டரை வயசு, பேச்சே கம்மி. பொம்மை வாங்கிக் கொடுத்தா பேச்சு வருமா மேடம்?

பொம்மை பேச வைக்காது சார், பொம்மையை வைத்து நீங்க பேசினால் வரும். "நாய்க்குப் பசிக்குதாம், என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்க. அவன் வெறும் கையால் ஊட்டினாலே பாவனை விளையாட்டு தொடங்கியாச்சு; பேச்சும் அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வதும் வளர அது உதவலாம். ஆனால் இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் தள்ளிப் போடாதீங்க. குழந்தை மருத்துவரைப் பார்த்து முதலில் காது கேட்பதைச் சோதித்துவிடுங்க.

ஆரணி: ஆம்பளப் பையன் பொம்மைய கட்டிக்கினு தூங்கலாமா?

தாராளமா தூங்கலாம். பயமும் ஆறுதலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான்.

ஆம்பூர்: வீசிங் இருக்கிற பிள்ளை. கொடுக்கலாமா?

ஒன்றே ஒன்று போதும். வீசிங்கைக் கிளப்பும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் சாக, கவரில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் துவைத்து நன்றாகக் காய வையுங்க.

ராணிப்பேட்டை: பொம்மை நாயோட விளையாடி, இப்ப தெரு நாயையும் கட்டிப் பிடிக்கப் போறான்.

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். பொம்மையை வைத்தே சொல்லிக்கொடுங்க: சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் கிட்டே போகக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, துரத்தினால் ஓடாமல் நிற்கணும். கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்க.