கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் கறுப்பது ஏன்?

வணக்கம். கோணேசர் கோயில் மலையில், காலையில் கடலைப் பின்னணியாக வைத்துக் கைபேசியில் எடுத்த படங்களில் உங்கள் அம்மாவின் முகம் கறுத்துவிடுகிறது என்றும், கடன்பட்டாவது ஒரு கமரா வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம், அதே நேரத்தில் அதே இடத்தில் நின்றால், விலை கூடிய கமராவும் தானியங்கி முறையில் ஏறக்குறைய இதே படத்தைத்தான் தரும்.

திருகோணமலையில் சூரியன் கடற்பக்கம் உதிப்பதால், காலை வெளிச்சம் முழுவதும் அம்மாவின் முதுகில் விழுகிறது. கைபேசியோ பிரகாசமான வானத்தை அளந்து, படம் முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது. ஆகவே பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போங்கள். அப்போது வெயில் மேற்கிலிருந்து, அதாவது படமெடுக்கும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து முகத்தில் விழும். கடலும் வெளிறாமல் நீலமாகவே பதியும். கண் கூசினால் முகத்தைச் சற்றுத் திருப்பச் சொல்லுங்கள்.

காலைப் பூசைக்குத்தான் போக முடியுமென்றால், திரையில் அம்மாவின் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் வெளிச்ச அளவு அங்கேயே பூட்டப்படும். பக்கத்தில் தோன்றும் சிறிய சூரியக் குறியை மேலே நகர்த்தினால் முகம் தெளியும். வானம் வெளுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளை பிறிஸ்டல் மட்டையொன்றை அம்மாவின் முன்னால், நெஞ்சளவில், சூரியனை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் தாடையின் கீழுள்ள நிழலும் குறையும்; அந்த மலைக் காற்றில் அதற்கு இரண்டு கைகளும் வேண்டும் என்பது வேறு விடயம்.

எடுக்கும் முன் வில்லையை மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். அதில் படியும் கடற்காற்றின் உப்பும் விரல் எண்ணெயும் எதிர்வெளிச்சத்தில் படத்தை மங்கலாக்கிவிடும்.